விதானையார் மாறும் நாள்

முன்னாளிலே எமது கிராமங்களில் விதானையார் என்றோர் உத்தியோகத்தர் இருந்தார். இளம் வாசகர்கள் தத்தம் பாட்டன்மாரைக் கேட்டால் அவருடைய அதிகாரத்தைப் பற்றிக் கதைகதையாகச் சொல்லுவர். 1963ஆம் ஆண்டில் அப்பதவி நீங்கி, கிராமசேவகர் பதவி அதன் இடத்துக்கு வந்தது. ஒரு விதானையார் இளைப்பாறி இன்னொருவர் பொறுப்பேற்கின்ற நாளில் ஊரிலே எந்த வீட்டின் அடுப்பும் அணைந்ததில்லை. தோட்டக்காரன் துலா மிதித்துக்கொண்டுதான் இருந்தான். பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பழையவரிடம் இருந்த இடாப்புக்கள் புதியவரின் கைக்கு ஒழுங்காக வந்து சேராவிட்டால், அதன் பலன் அன்றைக்குத் தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு தாய் ஓர் அத்தாட்சிப் பத்திரத்துக்காக வந்து நிற்கும்போதுதான், "உங்கள் பெயரே இதில் இல்லையே, அம்மா" என்ற பதில் பிறக்கும்.

இவ்வாரம் நாம் சொல்லப் புகுந்த விஷயம் கணினி உலகத்தைச் சேர்ந்தது. பெரிய நிறுவனமொன்றின் நூற்றுக்கணக்கான மெய்நிகர் இயந்திரங்களை, அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு முகாமைச் சேர்வரின் ஆளுகையிலிருந்து வேறொரு முகாமைச் சேர்வரின் ஆளுகைக்கு மாற்றுவது எவ்வாறு என்பதே அது. கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினும், உள்ளபடி நோக்கின் இஃது ஏறக்குறைய விதானையார் மாற்றமே.

மெய்நிகர் இயந்திரம் என்பது யாது? வலிமை மிக்க ஒரு கணினியை ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருந்தால் அதன் ஆற்றலிற் பெரும்பகுதி வீணே கிடக்கும். ஆகவே ஒரு மென்பொருளின் துணைகொண்டு அதன் புரோசசரையும், நினைவகத்தையும், வன்தட்டையும் பங்கிட்டு, பல கணினிகள் தனித்தனியே இருப்பன போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்குகின்றனர். ஒரே வளவுக்குள் பல குடித்தனங்கள் இருப்பதை ஒக்கும் இது. ஒவ்வொரு குடியும் தன் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த வளவு முழுவதும் தனக்கே உரியது என்று எண்ணி வாழ்கின்றது.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே ஐ.பி.எம். கொம்பனியார் நடத்திய விஞ்ஞான நிலையத்தில், சி.பி.-40 என்னும் அமைப்பு 1967ஆம் ஆண்டு ஜனவரியிலேயே இவ்வாறு இயங்கியது. 1972இல் அவர்கள் வி.எம்./370 என்ற பெயரில் அதனை உலகுக்கு விற்கத் தொடங்கினர். பின்னர், சாதாரண மேசைக் கணினிகளிலும் இதைச் செய்யலாம் என்று காட்டியது 1998இல் கலிபோர்னியாவின் பாலோ அல்டோவில் ஐவர் சேர்ந்து தொடங்கிய விஎம்வேர் என்னும் கொம்பனி. இன்று வங்கிகளிலும், வைத்தியசாலைகளிலும், அரசாங்கக் கந்தோர்களிலும் இயங்குகின்ற சேர்வர்களிற் பெரும்பாலானவை இத்தகைய குடித்தனங்களே.

இக்குடித்தனங்களைத் தாங்கி நிற்கும் மெய்யான கணினியை ஹோஸ்ட் என்பர். ஹோஸ்ட்கள் பத்து, இருபது, நூறு என்று பெருகும்போது அவற்றையெல்லாம் ஓரிடத்திலிருந்து பார்த்து நடத்த ஒரு முகாமைச் சேர்வர் வேண்டியதாகின்றது. விஎம்வேர் கொம்பனியின் முகாமைச் சேர்வருக்கு வி-சென்டர் என்று பெயர். எந்த இயந்திரம் எந்த ஹோஸ்டில் இருக்கின்றது, அதை யார் தொடலாம், யார் தொடலாகாது, எந்தக் கம்பியில் எந்த வலையமைப்பு ஓடுகின்றது என்ற விவரமெல்லாம் அதன் இடாப்பிலே இருக்கும்.

இனித்தான் வாசகர்கள் கவனிக்கவேண்டிய இடம் வருகின்றது. இந்த வி-சென்டர் திடீரென்று செத்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மெய்நிகர் இயந்திரங்களுக்கு என்ன நேரும்? ஒன்றும் நேராது. வங்கியின் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்; மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கும். ஒரு ஹோஸ்ட் பழுதடைந்தால் அதிலிருந்த இயந்திரங்களை வேறு ஹோஸ்டில் மீண்டும் எழுப்புகின்ற பாதுகாப்பு ஏற்பாடுகூட நின்றுபோகாது. ஏனெனில் அந்தக் காவலை ஹோஸ்ட்கள் தமக்குள்ளேயே ஒரு தலைவனைத் தெரிந்து நடத்துகின்றன. வி-சென்டர் இல்லாதபோது இல்லாமற் போவன, ஓடும் இயந்திரங்களை இடம்மாற்றுவதும், பாரத்தைத் தானாகச் சமப்படுத்துவதும், புதியன பலவற்றை அச்சிலே வார்ப்பதுபோல ஆக்குவதும் போன்ற நிர்வாக காரியங்களே. ஆள்வது வேறு, வாழ்வது வேறு என்று இதனை அமைத்தவர்கள் முதலிலேயே பிரித்து வைத்தனர். நிறுத்தமின்றி மாற்றுதல் என்ற பேச்சுக்கே இடமுண்டானது இந்தப் பிரிவினையால்தான்.

சரி, இருக்கின்ற விதானையாரை ஏன் மாற்றவேண்டும்? காரணங்கள் பல. பழைய வி-சென்டர் விண்டோஸ் கணினியில் அமைந்திருக்கலாம்; 2020இல் வெளிவந்த 7ஆம் பதிப்பிலிருந்து அவ்வகை அறவே இல்லை. இரண்டு கொம்பனிகள் ஒன்றாகி, இரண்டு இடாப்புக்களை ஒன்றாக்க நேரலாம். பழைய தரவுத்தளம் பழுதுபட்டு, அதை மேம்படுத்துவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே மேல் என்ற நிலை வரலாம். அந்த 7ஆம் பதிப்புக்கும் கொம்பனியார் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 2ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. 2023 நவம்பரில் விஎம்வேரை புரோட்கொம் கொம்பனி வாங்கி, ஒரேயடியாக விலைகொடுத்து வாங்கும் அனுமதிப்பத்திரங்களை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியதும் பலரை அசைத்திருக்கின்றது. பழையதை அப்படியே மேம்படுத்த முடியுமாயின் அதுவே நலம் என்பது எமது அபிப்பிராயம். இடாப்பு முழுவதும் சேதமின்றி வந்துவிடும். முடியாதவர்களுக்கே பின்வருவன.

வீட்டோடு கைமாறுதல்

வழிகள் இரண்டு. குடிகளை அசைக்காமல் வளவையே புதிய விதானையாரின் பகுதியிற் சேர்ப்பது ஒன்று. வளவை விட்டுவிட்டுக் குடிகளை மட்டும் புதிய வளவுக்கு நடத்திச் செல்வது மற்றொன்று.

முதல் வழியிலே மெய்நிகர் இயந்திரம் ஓர் அங்குலமும் நகர்வதில்லை. புதிய வி-சென்டரை நிறுவி, பழையதில் இருந்தது போன்ற ஒரு கூட்டத்தை, அதாவது கிளஸ்டரை, அங்கே வெறுமையாக ஆக்கிவைக்கின்றனர். பின்னர் ஒரு ஹோஸ்டைப் பழைய வி-சென்டரிலிருந்து துண்டித்து நீக்கி, புதியதிலே சேர்க்கின்றனர். அதன்மேல் ஓடும் இயந்திரங்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஹோஸ்டின் முகவரியும் "ரூட்" என்னும் தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லும் இருந்தாற் போதும்.

ஆனால் அந்தக் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? சிரிக்க வேண்டாம். வி-சென்டர் ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனக்கென்று ஒரு கணக்கை வைத்து, அதன் கடவுச்சொல்லை 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். ஆகையால் மனிதர் தலைமைக் கணக்கைத் தொடாமலே ஆண்டுகள் கழிந்துவிடும். அதை வைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பாதுகாப்பைக் கருதி ஹோஸ்டை நேரே அணுகமுடியாதபடி பூட்டும் வைத்திருப்பர். பழைய வி-சென்டர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பூட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு ஹோஸ்டிலும் நேரே நுழைந்து பார்த்துவிட வேண்டும். வீட்டைப் பூட்டிய பிறகு திறப்பைத் தேடுவது யாருக்கும் அழகன்று.

வலையமைப்பே இவ்வழியின் இடுக்கான இடம். ஹோஸ்டினுள்ளே, மெய்நிகர் இயந்திரங்களை வெளி உலகத்தோடு இணைக்கும் ஒரு மெய்நிகர் சுவிட்ச் இருக்கின்றது. அது இரண்டு வகைப்படும். ஒன்று ஹோஸ்டுக்கே சொந்தமான சாதாரண சுவிட்ச். மற்றது வி-சென்டருக்குச் சொந்தமாய், எல்லா ஹோஸ்ட்களின்மீதும் ஒன்றாகப் பரந்து கிடக்கும் பொதுச் சுவிட்ச். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதையே வைத்திருப்பர். அதன் உரிமை பழைய வி-சென்டரிடம் இருப்பதால், ஹோஸ்டை நீக்குமுன் இயந்திரங்களை அதிலிருந்து இறக்கியாக வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து ஓடும் வண்டிக்கு மாறுகின்ற வேலை அது.

அதைச் செய்யும் உபாயம் மிக எளியது, அதனாலேயே அழகியது. ஹோஸ்ட் ஒவ்வொன்றிலும் வலையமைப்புக் கம்பிகள் வழக்கமாக இரண்டாவது இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்குவதற்காக வைத்தது. அந்த இரண்டில் ஒன்றைப் பொதுச் சுவிட்சிலிருந்து கழற்றி, ஹோஸ்டுக்குச் சொந்தமான சாதாரண சுவிட்ச் ஒன்றை ஆக்கி, அதிலே பூட்டுகின்றனர். இப்போது ஒரு கம்பி பழைய பாலத்திலும் மற்றது புதிய பாலத்திலும் இருக்கின்றன. இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய பாலத்திலிருந்து புதியதற்கு மாற்றுகின்றனர். ஹோஸ்ட் தானே பேசுவதற்கு வைத்திருக்கும் முகாமை இணைப்பையும் அவ்வாறே மாற்றுகின்றனர். எல்லாம் வந்தபின் இரண்டாம் கம்பியும் வருகின்றது. ஹோஸ்ட் விடுதலை பெற்றுப் புதிய வி-சென்டருக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்குள்ள பொதுச் சுவிட்சுக்கு இதே வித்தையைத் தலைகீழாக நடத்தி ஏற்றுகின்றனர். பழைய பொதுச் சுவிட்சின் அமைப்பைக் கோப்பாக எழுதியெடுத்துப் புதிய வி-சென்டரில் இறக்கும் வசதி இருப்பதால், எல்லாவற்றையும் கையால் எழுதவேண்டியதில்லை.

இந்த மாற்றத்தில் ஓர் இயந்திரம் இழப்பது பெரும்பாலும் ஓரிரு சிறு பொட்டலங்களையே, பயன்படுத்துபவர் அறியார். ஆனால் இரண்டு ஆபத்துக்கள் உண்டு. ஒற்றைக் கம்பியில் நிற்கின்ற அந்த இடைவேளையில் அக்கம்பியோ, அது போய்ச் சேரும் வெளிச் சுவிட்சோ பழுதானால், அந்த ஹோஸ்டின் இயந்திரங்களிற் பல ஒரேயடியாக உலகத்தோடு பேச்சிழக்கும். மற்றது, புதிய சுவிட்சில் வலையமைப்பின் பிரிவு எண்ணை எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால், இயந்திரம் நலமாக ஓடும், திரையிலே பச்சை விளக்கு எரியும், ஆனால் ஒருவராலும் அதை அடைய முடியாது. உயிர் இருக்கும், குரல் இராது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் முக்கியமில்லாத ஓர் இயந்திரத்தை முதலில் மாற்றி, அது வெளியே பேசுகின்றதா என்று பார்த்தபின்பே மற்றவற்றைத் தொடுவர் அனுபவசாலிகள்.

இன்னுமொன்று. வி-சென்டரும் பெரும்பாலும் ஒரு மெய்நிகர் இயந்திரமே! தான் ஆளுகின்ற பொதுச் சுவிட்சிலேயே அதுவும் தொங்கிக்கொண்டிருந்தால், அது விழும் நாளிலே அதை மீண்டும் அந்தச் சுவிட்சில் இணைக்க அதனையே நாடவேண்டி வரும். பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய பெட்டித் திறப்பு அது. வி-சென்டரின் அனுமதியின்றி ஹோஸ்டிலிருந்தே இணைக்கத்தக்க ஒரு வகை இணைப்பைப் பொதுச் சுவிட்சில் முன்கூட்டியே வைத்துக்கொள்வது இதற்குப் பரிகாரம்.

குடிகளை நடத்திச் செல்லுதல்

இரண்டாம் வழி விஞ்ஞான மாணவருக்கு விருந்து. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தை, அதன் நினைவகத்திலுள்ள அத்தனை எண்ணங்களோடும், ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொரு ஹோஸ்டுக்கு நிறுத்தாமல் அனுப்புவது. விஎம்வேர் கொம்பனி 2003இல் இதனை வி-மோஷன் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, இணையத்தில் பலர் கூடி ஆடும் ஒரு விளையாட்டின் சேர்வரை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இடம்மாற்றிக் காட்டினர். நின்ற நேரம் 60 மில்லி செக்கன் மட்டுமே. கண் ஒருமுறை இமைப்பதற்குள் அது முடிந்துவிடும்.

எவ்வாறு முடிகின்றது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரத்தின் நினைவகம் 32 கிகாபைட் என்க. இடையிலுள்ள கம்பி செக்கனுக்கு 10 கிகாபிட், அதாவது 1.25 கிகாபைட், கொண்டுசெல்லும் என்க. முழு நினைவகத்தையும் ஒருமுறை பிரதி செய்ய ஏறத்தாழ 26 செக்கன் ஆகும். ஆனால் இயந்திரம் சும்மா இருப்பதில்லையே! நாம் பிரதி செய்யும்போதே அது பழைய பக்கங்களில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும். செக்கனுக்கு 100 மெகாபைட் வீதம் எழுதுகின்றது என்றால், 26 செக்கனில் சுமார் 2,600 மெகாபைட் மாறிப்போயிருக்கும். அதை மட்டும் மீண்டும் அனுப்ப 2 செக்கனுக்குச் சற்று மேல். அந்த 2 செக்கனில் மாறியது ஏறக்குறைய 200 மெகாபைட். அதை அனுப்ப ஒரு செக்கனில் ஆறிலொரு பங்கு. அதற்குள் மாறியது 16, 17 மெகாபைட். இப்படியே ஒவ்வொரு சுற்றும் முன்னதன் நூற்றில் எட்டுப் பங்காகச் சுருங்கிக்கொண்டு வருகின்றது. பெருக்கல் விருத்தி படித்த மாணவர் இதை உடனே கண்டுகொள்வர். மிச்சம் மிகச் சிறிதானதும், இயந்திரத்தை ஒரு கணம் உறையவைத்து, மீதியையும் புரோசசரின் நிலையையும் அனுப்பி, அக்கரையில் எழுப்பிவிடுகின்றனர். எழுந்ததும் புதிய ஹோஸ்ட் வலையமைப்பை நோக்கி ஒரு கூவல் விடும். "இவ்வியந்திரம் இனி இந்த வாசலில்" என்பது அதன் பொருள். வெளிச் சுவிட்சுகள் தங்கள் குறிப்பை மாற்றிக்கொள்ளும்.

கம்பி கொண்டுசெல்லும் வேகத்தைவிட இயந்திரம் எழுதும் வேகம் மிகுந்துவிட்டால்? அப்போது விருத்தி சுருங்காது, பெருகும். எத்தனை சுற்று ஓடினாலும் முடிவு வராது. 2011இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து விஎம்வேர் இதற்கு ஒரு வைத்தியம் செய்கின்றது. இயந்திரத்தின் ஓட்டத்தையே சற்றுத் தளர்த்தி, எழுதும் வேகத்தைக் குறைத்துவிடுகின்றது. பெரிய தரவுத்தளங்களை மாற்றும்போது, நிற்காவிட்டாலும் அவை சிறிது நேரம் தள்ளாடுவது இதனால்தான்.

ஒரு வி-சென்டரின் ஆட்சியிலிருந்து மற்றொன்றின் ஆட்சிக்கு இவ்வாறு ஓடும் இயந்திரத்தை அனுப்புவது 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து கைகூடியது. வன்தட்டுக்கள் இரு பக்கத்துக்கும் பொதுவாக இல்லாவிடின் அவற்றிலுள்ள தரவையும் கூடவே கொண்டுசெல்லும். அப்போது செக்கன்கள் மணித்தியாலங்களாகும். இன்டெல் புரோசசரில் ஓடுகின்ற இயந்திரத்தை ஏ.எம்.டி. புரோசசருக்கு ஓட்டத்தில் மாற்ற முடியாது. ஒரே கொம்பனியின் பழைய, புதிய புரோசசர்களுக்கிடையே மாற்றவேண்டுமானால், புதியவற்றைப் பழையவற்றின் மட்டத்துக்கு அடக்கிவைக்கும் ஏற்பாடு வேண்டும். புதிய ஹோஸ்ட்கள் வாங்கியிருப்போருக்கு இவ்வழி நல்லது. இருக்கும் ஹோஸ்ட்களையே வைத்திருப்போருக்கு முதல் வழியே போதும்.

நின்றுபோவது எது?

இதுவரை சொன்னதைக் கேட்டவர், இவ்வளவு திறமாக ஓட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்களே, இனிக் கவலை எதற்கு என்று எண்ணக்கூடும். ஓடுகின்ற இயந்திரம் பெரும்பாலும் நிற்பதில்லை. நின்றாலும் உடனே தொலைபேசி மணி அடிக்கும், பத்துப்பேர் ஓடிவருவர், சரியாகிவிடும். நிற்கும்போது சத்தமே செய்யாதனவற்றைத்தான் நாம் அஞ்சுகின்றோம்.

ஒரு வைத்தியசாலையை மனத்திற்கொள்வோம். அதன் இரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பதிவுகள் யாவும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் இருக்கின்றன. இரவுதோறும் ஒரு மென்பொருள் அந்த இயந்திரத்தின் காப்புப் பிரதியை எடுத்து வேறிடத்தில் வைக்கின்றது. அம்மென்பொருள் இயந்திரத்தை எப்படி அடையாளம் காண்கின்றது? பெயரைக்கொண்டு என்று நினைப்போம். அன்று. வி-சென்டர் தன் இடாப்பிலே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் உள் இலக்கம் கொடுக்கின்றது. காப்புப் பிரதி மென்பொருள்கள் பல அவ்விலக்கத்தையே பிடித்துக்கொள்கின்றன. புதிய வி-சென்டருக்குப் போனதும் இயந்திரம் அதேதான், பெயரும் அதேதான், இலக்கம் வேறு. காப்புப் பிரதி மென்பொருளோ பழைய இடாப்பில் பழைய இலக்கத்தைத் தேடுகின்றது. அது கிடைக்காததால், "இல்லை" என்று ஒரு குறிப்பை எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அக்குறிப்பை வாசிக்க வேண்டியவரோ, மாற்ற வேலையில் இரண்டு இரவு விழித்துவிட்டு உறங்கிக்கொண்டிருப்பார்.

பரிசோதனைக்கூடத்தில் ஒருவரும் ஒரு குறையும் காணார். இயந்திரம் ஒரு செக்கன்கூட நிற்கவில்லை. ஆனால் அதன் பிரதி நின்று இரண்டு வாரமாகிவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு வன்தட்டு பழுதானாலோ, கணினிக் கொள்ளையர் வந்து தரவைப் பூட்டிப் பணம் கேட்டாலோ, அந்த இரண்டு வாரத்து நோயாளரின் பெறுபேறுகளை எங்கே தேடுவது? மீண்டும் ஊசி குத்தி இரத்தம் எடுக்கலாம். சென்ற வாரத்து இரத்தத்தை எடுக்க முடியாது.

சரியாகச் செய்தாலும்கூட, மாற்றத்துக்குப் பின் வருகின்ற முதல் இரவில் பல மென்பொருள்கள் இயந்திரத்தைப் புதியதொன்றாகக் கருதி முழுப் பிரதி எடுக்கத் தொடங்கும். வழக்கமாக மாறியதை மட்டும் எடுத்து விடியுமுன் முடிகின்ற வேலை, அன்று மறுநாட் பகல்வரை நீளும். வைக்கும் இடமும் போதாமற் போகலாம். ஆகவே ஒரே நாளில் எல்லா ஹோஸ்ட்களையும் மாற்றுவதை நாம் ஒப்புவதில்லை.

இவ்வாறே மௌனமாக நிற்பவை வேறும் உள. பழைய கிளஸ்டரை விட்டு நீங்கிய ஹோஸ்ட் புதிய கிளஸ்டரிற் சேரும்வரை, பழுதானால் மீண்டும் எழுப்புகின்ற காவல் அதற்கில்லை. யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகள், இயந்திரங்களை அடுக்கிவைத்த கோப்புறைகள், அவற்றில் ஒட்டிய அடையாளச் சீட்டுக்கள், எச்சரிக்கை மணிகள் ஆகியன எல்லாம் பழைய இடாப்பிலேயே தங்கிவிடும். தானாகப் பாரம் சமப்படுத்தும் வசதியை அணைத்தால், இயந்திரங்களுக்கு வளம் ஒதுக்கிய பிரிவுகள் அழிந்துபோகும். சென்ற ஓராண்டில் எந்த இயந்திரம் எவ்வளவு உழைத்தது என்ற சரித்திரமும் பின்தொடர்ந்து வராது. இரகசியக் குறியாக்கம் செய்த இயந்திரங்கள் இருப்பின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அவற்றின் திறப்பு சாதாரணமாக ஹோஸ்டின் நினைவகத்தில் இருப்பதால் இன்றைக்கு ஓடும். புதிய வி-சென்டரில் அந்தத் திறப்பை முன்னரே பதித்துவைக்காவிடின், என்றோ ஒருநாள் ஹோஸ்டை அணைத்து ஏற்றும்போது அவை எழும்பமாட்டா. மாற்றத்துக்கும் அந்த நாளுக்கும் இடையே ஆறு மாதம் சென்றிருக்கலாம். காரணம் இதுவென்று ஒருவரும் நினையார்.

ஆதலால் மாற்றத்துக்கு முதல்நாள் செய்யவேண்டிய முதல் வேலை, பழைய இடாப்பை முழுவதும் எழுதியெடுப்பது. இதற்கெனச் சிறு நிரல்கள் எழுதுவோர் உண்டு. கையாலே எழுதினாலும் பழுதில்லை. மாற்றம் முடிந்த மறுநாள், இயந்திரம் ஓடுகின்றதா என்று பார்ப்பதைவிட, நேற்றிரவு எடுத்த காப்புப் பிரதியிலிருந்து ஓர் இயந்திரத்தை வேறிடத்தில் உண்மையாகவே எழுப்பிப் பார்ப்பது நூறு மடங்கு பெறுமதியானது. பழைய வி-சென்டரையும் உடனே அழித்துவிடலாகாது. சில வாரங்களுக்கு அணைத்து வைத்திருந்தால், "அந்த அனுமதி முன்பு யாருக்கு இருந்தது?" என்ற கேள்வி வரும்போது திறந்து பார்க்கலாம், திறக்கும்போது ஹோஸ்ட்கள் அதனிடம் திரும்பிப் போகாதபடி முன்னரே நீக்கியிருக்கவேண்டும், அவ்வளவே.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய வேலைகளை நள்ளிரவிலே செய்வது வழக்கமாகிவிட்டது. இயந்திரங்கள் நிற்பதில்லை என்பது மெய்யானால் நள்ளிரவு எதற்கு? வலையமைப்பு அறிந்தவர், காப்புப் பிரதி பார்ப்பவர், பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் ஆகிய எல்லாரும் விழித்திருக்கும் செவ்வாய்க்கிழமை முற்பகல் எவ்வளவோ மேல் என்பது எமது கட்சி. பரிசோதனைக்கூடத்தாருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வதும் அவசியம். "நிறுத்தமின்றி" என்ற சொல்லை விற்பனைக்காரர் பெரிதாகச் சொல்வதால், சொல்லாமலே செய்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஏதேனும் தடுமாறினால் முதலிற் காண்பவர் அங்கிருப்பவரே. அவருக்குச் சொல்லாதிருந்தால் யாரிடம் முறையிடுவது என்றுகூட அவர் அறியார்.

மாணவர் சிலர் இதனைத் தம் கண்ணாற் காண விரும்புவர். அதற்கு விஎம்வேரின் விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. 2007 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் கருவிலிருந்து கே.வி.எம். என்னும் மெய்நிகர் வசதி அதனுள்ளேயே இலவசமாக இருக்கின்றது. ஒரே இன புரோசசருள்ள பழைய கணினிகள் இரண்டைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு சுவிட்சில் இணைத்து, இரண்டுக்கும் பொதுவான ஒரு தரவுக் கோப்புறையை வைத்து, சிறிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றை முதலாவதில் ஓடவிடுங்கள். மூன்றாவது கணினியிலிருந்து அதற்குச் செக்கனுக்கு ஐந்துமுறை "பிங்" அனுப்பிக்கொண்டே, அதை இரண்டாவது கணினிக்கு நகர்த்துங்கள். எத்தனை பதில்கள் தவறின என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 200 மில்லி செக்கன் வீதம் பெருக்குங்கள். பின்னர் அவ்வியந்திரத்துள்ளே நினைவகத்தில் ஓயாது எழுதும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டு, இதையே மறுபடியும் செய்து, இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.